‘மருந்துகளுக்குப் பயணியே பொறுப்பு’: அந்த ஒற்றை வரி குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: சிங்கப்பூரில் விமானச் சீட்டும் சொகுசுக் கப்பல் பயணமும் விற்பவர்கள், உம்ரா என்றும் காசி-ராமேஸ்வரம் என்றும் குழு சேர்த்து அழைத்துச் செல்பவர்கள், மாலுமிகளைக் கப்பலேற்றும் முகவர்கள், மருந்துக்கடைப் பொறுப்பாளர்கள்.
நகல்: இவர்களை மேற்பார்க்கும் சுகாதார, விமான, கடல்துறை அதிகாரிகள்.

மதிப்பிற்குரியோரே,

உங்கள் பயண ஒப்பந்தத் தாளில் பெட்டி எடைக்கு ஒரு பத்தி இருக்கிறது. தேதி மாற்றினால் எவ்வளவு கட்டணம் என்பதற்கு இன்னொரு பத்தி. மருந்துக்கு ஒரே ஒரு வரி: ‘எடுத்துச் செல்லும் மருந்துகளுக்குப் பயணியே பொறுப்பு.’ மாலுமிகளுக்குத் தரும் தாளிலும் இதே வரிதான். ‘பயணி’ இருந்த இடத்தில் ‘ஊழியர்’ என்றிருக்கும், அவ்வளவே.

சட்டப்படி அந்த வரியில் தப்பில்லை. ஆனால் என்ன பொறுப்பு என்று சொல்லாமலே பொறுப்பை ஒருவர் தலையில் கட்டுவது முறையில்லை. மருந்துக் கவுன்டரில் நிற்பவர்கள், கப்பலில் மருந்துப் பெட்டிச் சாவியை வைத்திருந்தவர்கள் என்று இந்த வேலையிலேயே கிடக்கும் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். விதி இருக்கிறது, பயணிக்கு அது தெரியவரும் இடம்தான் தவறாக இருக்கிறது. எக்ஸ்ரே தட்டில் பாட்டில் ஏறிய பிறகு விதி தெரிந்து யாருக்கு என்ன லாபம்? சாங்கி விமான நிலையத்தின் முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை விமானமேறும் வாயிலில் நடக்கிறது. அதற்குள் பெரிய பெட்டி உள்ளே போய்விடும். மருந்தைத் திரும்ப அதில் வைக்க வழியில்லை. நள்ளிரவுச் சென்னை விமானமென்றால், கடிதம் எழுதித் தரவேண்டிய டாக்டர் தூங்கிக்கொண்டிருப்பார்.

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்து வைக்கிறோம். உங்கள் கவுன்டர் ஊழியர்களே இதில்தான் வழுக்குகிறார்கள். ஒரு மருந்து ஊர்விட்டு ஊர் போக மூன்று பேரைத் தாண்ட வேண்டும். விமானப் பாதுகாப்புச் சோதனைக்காரர் பார்ப்பது, இது வெடிக்குமா, 100 மில்லிக்கு மேற்பட்ட திரவமா என்பதை. சுங்கமும் போதைப்பொருள் சட்டமும் பார்ப்பது, உள்ளே என்ன சரக்கு, எத்தனை, யாருக்காக, யார் எழுதிக்கொடுத்தது என்பதை. விமான நிறுவனமும் கப்பல் நிறுவனமும் பார்ப்பது, ஊசியையும் பேட்டரியையும் எங்கே வைப்பது, இந்த உடல்நிலையில் இவரை ஏற்றலாமா என்பதை. முதல் ஆள் விட்டுவிட்டார் என்பதற்காக இரண்டாம் ஆள் விடமாட்டார். ‘சென்னையில ஒண்ணும் சொல்லலியே’ என்று சாங்கியில் சொல்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய நீங்களும் சொல்லவில்லை.

சிங்கப்பூருக்குள் மருந்து கொண்டுவருவதற்கான விதியின் எலும்பு எளிமையானது. சொந்த உபயோகத்துக்கு, அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு வேண்டிய அளவு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தைராய்டு மாத்திரைகள் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் வலுவான வலி மருந்து, தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை போன்றவற்றில் பலவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வந்து இறங்குவதற்குக் குறைந்தது 10 வேலை நாள் முன்னதாக விண்ணப்பிப்பது நல்லது. வேலை நாள் என்பதைக் கோடிட்டுப் படிக்க வேண்டும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு விமானச் சீட்டு எடுத்தவருக்கு இடையில் சனி, ஞாயிறு போக மிஞ்சுவது சரியாகப் பத்தே நாள். ஒரு காகிதம் குறைந்தாலும் கணக்கு உடைந்துவிடும்.

இங்கேதான் தமிழ்நாட்டுப் பயணிகள் மாட்டிக்கொள்கிறார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, பதற்றத்துக்கான அல்ப்ரஸோலாம், வலிக்கான ட்ரமடால் மூன்றும் இந்தியாவில் எச்1 அட்டவணை மருந்துகள்; டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால் தெருமுனைக் கடையில் பழகிய முகத்துக்கு அவை கைமாறுவது எல்லாருக்கும் தெரிந்ததே. அங்கே ‘தூக்க மாத்திரைதானே’ என்று வாங்கியது, இங்கே இறங்கும்போது அனுமதி கேட்கும் பொருளாகிவிடுகிறது. கோடீன் சிங்கப்பூரின் போதைப்பொருள் தவறாகப் பயன்படுத்தல் சட்டத்தின் பட்டியலில் உள்ள சரக்கு. அனுமதியின்றி வைத்திருந்தாலே 10 ஆண்டு வரை சிறை, 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் என்ற அளவுக்குப் போகும் சட்டம் அது. டாக்டர் சீட்டோடு வந்த நோயாளியை யாரும் கடத்தல்காரராக நடத்தப் போவதில்லை. ஆனால் சீட்டே இல்லாதவர் தன்னை நோயாளி என்று எதைக் காட்டி நிரூபிப்பார்?

இதைவிட ஆபத்தான பழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. ‘தம்பி, இந்தப் பொட்டலத்தை மட்டும் தேக்காவில் இருக்கிற எங்க மாமாகிட்ட கொடுத்துடுங்க, மருந்துதான்.’ மூன்று மாத விதி சுமந்து வருபவரின் சொந்த மருந்துக்கு மட்டும். மாமாவின் மருந்து உங்கள் பையில் வந்தால் அது சொந்த உபயோகம் ஆகாது. உள்ளே கட்டுப்படுத்தப்பட்ட சரக்கு இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பொட்டலம் யார் வசம் இருந்ததோ, சரக்கும் அவர் வசம் இருந்தது, அது இன்னதென்று அவருக்குத் தெரியும் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது அவர் தலையெழுத்து. வேலைக்குப் புதிதாக வரும் ஊழியர்களை ஏற்றிவிடும் முகவர்களே, ஊரில் விமானமேற்றும் முன் இந்த ஒன்றையாவது தமிழில் உரக்கச் சொல்லுங்கள்.

குழு நடத்துபவர்களுக்கும் இதே பாடம் வேறு வடிவில் இருக்கிறது. நாற்பது பேர் கொண்ட குழுவுக்கு ‘பொது மருந்துப் பை’ ஒன்றைத் தலைவர் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். பாரசிட்டமால், உப்புக் கரைசல், களிம்பு வரை யாரும் கேட்க மாட்டார்கள். இருமல் மருந்து ஆறு பாட்டில், வயிற்றுப்போக்கு மாத்திரை இருநூறு என்று போகும்போதுதான் கேள்வி வரும்: இது யாருடையது? வயிற்றுப்போக்கு மாத்திரையிலேயே இரண்டு ஜாதி. லோபெரமைடு சாதாரணமாகக் கிடைக்கும். டைஃபினாக்ஸிலேட் அதே வேலையைச் செய்யும், ஆனால் அது 1961ஆம் ஆண்டு சர்வதேசப் போதைப்பொருள் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள சரக்கு. அட்டையைப் புரட்டிப் பார்க்காமல் பையில் போட்டவருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

சவூதி அரேபியாவுக்குப் போகும் யாத்ரீகர் கட்டுப்பாட்டு மருந்து எடுத்துச் சென்றால், அந்நாட்டு உணவு மருந்து ஆணையத்தின் இணைய முறையில் முன்னதாகவே ஒப்புதல் வாங்க வேண்டும். ஐக்கிய அரபு சிற்றரசுகளிலும் முன்அனுமதி முறை இருக்கிறது. கோடீன், ட்ரமடால் இரண்டும் அங்கே மிகக் கறாராகப் பார்க்கப்படுபவை. துபாயில் விமானம் மாறி வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நீங்கள் ஆசை காட்டும்போது, அந்த ஒரு நாள் சுற்றலுக்கும் இந்த விதி பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? தாய்லாந்தில் மார்ஃபின், கோடீன் வகைகளுக்கு முன்அனுமதி வேண்டும், 30 நாள் அளவுக்கு மேல் கூடாது. ஜப்பான் தனி உலகம். டாக்டர் எழுதிய மருந்து ஒரு மாதத்துக்கு மேற்பட்டால் ‘யுன்யு காகுனின்-ஷோ’ என்ற இறக்குமதி உறுதிச்சான்று வாங்க வேண்டும். மூக்கடைப்புக்கு நாம் சர்வசாதாரணமாக விழுங்கும் சூடோஎஃபெட்ரின், மருந்தில் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொண்டுபோகவே கூடாது. சப்போரோ பனியில் சளி பிடிக்குமே என்று கரிசனத்தோடு பையில் வைக்கும் மாத்திரை அது.

இத்தனை நாட்டு விதியையும் நீங்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முக்கியமாக எந்த மூன்று வகை மருந்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். வலி, தூக்கம்-பதற்றம், கவனக்குறைவு நோய் (ஏடிஎச்டி) ஆகியவற்றுக்கான மருந்துகள். பயணி அந்த மூன்றில் எதையாவது சொன்னால் உங்கள் விரல் அடுத்த பக்கம் புரள வேண்டும்.

இனி காகிதத்துக்கு வருவோம். சோதனையில் மருந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தல்ல, அடையாளம் இல்லாமை.

ஊர்க் கடையில் பத்து மாத்திரை அட்டையிலிருந்து ஆறைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். கத்தரி ஓடும் பாதையைக் கவனியுங்கள். காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். பயணியின் கையில் வருவது பாதிப் பெயரோடு ஒரு வெள்ளித் தகடு. இங்கேயோ வேறு விதமான இழப்பு. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பெயர், மருந்து, பலம், வேளை எல்லாம் அச்சிட்டு ஒட்டிய பையில் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா மாத்திரைகளை ஏழு நாள் டப்பாவில் பிரித்துப் போட்டுவிட்டு, மீதியை மைலோ டின்னில் கொட்டிவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிய பையைக் குப்பையில் எறிந்துவிடுவார். மருந்து கையில் இருக்கும், அதன் அடையாளச் சீட்டு குப்பை வண்டியில் போயிருக்கும். ஏழு நாள் டப்பா கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வேளை தவறாமல் சாப்பிட அதைவிட நல்ல கருவி கிடையாது. டப்பா கைப்பையில் இருக்கட்டும். கூடவே ஒட்டுச்சீட்டோடு உள்ள அசல் பையும் இருக்க வேண்டும்.

டாக்டர் கடிதத்தில் இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், கடவுச்சீட்டு எண், நோய், மருந்தின் பொதுப்பெயர், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை எடுத்துச் செல்கிறார், பயணத் தேதிகள், டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, மருந்தக முத்திரை. பொதுப்பெயர் ஏன்? வணிகப் பெயர் எல்லை தாண்டினால் அர்த்தமிழந்துவிடும். இங்கே பனடால் என்றால் குழந்தைக்கும் தெரியும்; ஊரில் அது டோலோ, கால்பால். பாரசிட்டமால் என்று எழுதினால் எந்த நாட்டு அதிகாரியும் தலையாட்டுவார். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், அதில் எங்களுக்குப் பிடிவாதம் இல்லை. விளக்கம்தான் தமிழில் வேண்டும்.

பெயர் விஷயத்தில் நமக்கென்றே ஒரு வம்பு இருக்கிறது. ஊர் டாக்டர் சீட்டில் ‘கு. மணி’ என்று எழுதுவார். கடவுச்சீட்டில் முதலெழுத்து விரிந்து ‘குப்புசாமி மணி’ அல்லது ‘மணி குப்புசாமி’ ஆகியிருக்கும். சிங்கப்பூர் அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ இருக்கும். விமானச் சீட்டில் சாய்கோடு அச்சாகாமல் அந்த எழுத்துகள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். திருமணமான பெண்ணுக்கு மருந்துச் சீட்டில் கணவர் பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர். மூன்று காகிதத்தில் மூன்று பெயர். நமக்கு அது ஒரே ஆள் என்று பார்த்தவுடன் தெரியும், ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரிக்குத் தெரியாது. கடிதத்தில் கடவுச்சீட்டு எண்ணைச் சேர்த்துவிட்டால் இந்த வம்பு தீர்ந்தது. ஒரு வரி வேலை.

திரவங்களைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. 100 மில்லி வரம்பு மருந்துக்குப் பொருந்தாது, பயணத்துக்கு வேண்டிய அளவு கொண்டுபோகலாம். ஆனால் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், மருந்தென்று நிரூபிக்க வேண்டும். கஷாயமும் லேகியமும்தான் இங்கே அடிபடும். 200 மில்லி கஷாயத்துக்கு டாக்டர் சீட்டு இருக்காது. லேகியம் பசை என்ற கணக்கில் திரவ விதிக்குள் வந்துவிடும். அவற்றைப் பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பாதரசம், ஈயம் சேர்ந்த பற்பம், செந்தூரம் வகைகளைக் கொண்டுவராமல் இருப்பதே மேல். பாரம்பரிய மருந்துகளில் கன உலோகங்களுக்குச் சிங்கப்பூர் உச்சவரம்பு வைத்திருக்கிறது.

இன்சுலின் நேர்மாறு. அதைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. பெட்டி காணாமல் போகலாம் என்பது ஒரு காரணம். சரக்கறையில் உறையலாம் என்பது பெரிய காரணம். உறைந்து உருகிய இன்சுலின் கண்ணுக்குப் பழையபடியே தெரியலாம், வேலை செய்யாது. மதுரையில் இறங்கி இரண்டு நாளில் சர்க்கரை ஏறும்போதுதான் தெரியும். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உபயோகத்தில் இருப்பது பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். ஐஸ் பையோடு நேரடியாக ஒட்டி வைத்தாலும் உறையும், நடுவே ஒரு துண்டு சுற்ற வேண்டும். ஊசிகள் மருந்தோடும் கடிதத்தோடும் ஒரே பையில் இருக்கட்டும். விமானப் பணிப்பெண்ணிடம் ‘ஃப்ரிட்ஜில் வையுங்கள்’ என்று கேட்கலாம் என நம்பிப் போகக் கூடாது. பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. மூச்சுக்கருவி எடுத்துச் செல்வோருக்கு: உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும்தான், 100 வாட்-மணிக்கு மேற்பட்டால் விமான நிறுவன ஒப்புதல் வேண்டும்.

சொகுசுக் கப்பலில் வேறொரு பொறி. மரினா பேயில் பெட்டியை ஒப்படைத்தால் அது அறை வாசலுக்கு வர மாலையாகிவிடும். மதிய மாத்திரையும் இன்சுலினும் அந்தப் பெட்டிக்குள் இருந்தால், அவற்றைத் தேடித்தர யாராலும் முடியாது. அறையிலுள்ள குளிர்பெட்டி பானம் குளிர்விப்பதற்கானது, 2 முதல் 8 டிகிரி என்று உறுதியில்லை. மருத்துவ அறையில் வைக்க முன்பதிவின்போதே கேட்க வேண்டும். பயன்படுத்திய ஊசியைப் போடுவதற்கான டப்பாவையும் அப்போதே கேட்கலாம். நான்கு நாள் கடல் பயணம் என்று நீங்கள் விற்கிறீர்கள். பினாங்கில் ஒரு நாள், புக்கெட்டில் ஒரு நாள் இறங்கினால் அது சட்டத்தின் கண்ணில் இரண்டு நாட்டுக்குள் மருந்து கொண்டுபோவது. இறங்கும்போது அன்றைய வேளை மாத்திரையை மட்டும், மருந்துச் சீட்டின் நகலோடு எடுத்துப்போனால் போதும் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

மாலுமிகள் விஷயத்துக்கு வருகிறோம். இதில்தான் எங்களுக்கு ஆற்றாமை அதிகம்.

1961 உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? கப்பலிலும் விமானத்திலும் முதலுதவிக்காகவும் அவசரத்துக்காகவும் வைத்திருக்கும் குறைந்த அளவு போதை மருந்தை இறக்குமதியாகவோ ஏற்றுமதியாகவோ கருதக் கூடாது. ஆகவே கேப்டனின் பூட்டிய அலமாரியில் இருக்கும் மார்ஃபின் ஊசிக்கு உலகம் முழுக்கத் தெளிவான பாதுகாப்பு உண்டு. அதற்குப் பதிவேடு உண்டு, துறைமுகத்தில் காட்டும் கப்பல் இருப்புப் பட்டியலில் இடமுண்டு. அதே கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் மாலுமியின் ரத்த அழுத்த மாத்திரைக்கு அப்படி ஒரே உலக விதி கிடையாது. ஒவ்வொரு நாட்டுக்கும் அவரவர் வரம்பு.

கணக்கைப் பாருங்கள். ஒன்பது மாத ஒப்பந்தம். அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, தினம் மூன்று மாத்திரை. 270 நாளுக்கு 810 மாத்திரை. சாங்கியில் இறங்கி இங்கே கப்பலேறுபவருக்கு மூன்று மாத வரம்பின்படி அனுமதி ஏறத்தாழ 270 மாத்திரைக்கு. மிச்சம் 540 எங்கிருந்து வரும்? கப்பல் மருந்துப் பெட்டியிலிருந்து என்பார்கள் தெரியாதவர்கள். 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஒவ்வொரு கப்பலிலும் மருந்துப் பெட்டி இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பெட்டி திடீர் நோய்க்கும் காயத்துக்கும். ஒருவரின் தினசரி மாத்திரையை ஒன்பது மாதம் ஊட்டுவதற்காக வைத்ததல்ல. 100 பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளைத் தாண்டிய சர்வதேசப் பயணம் போனால்தான் கப்பலில் டாக்டர் கட்டாயம். இருபது, இருபத்தைந்து பேர் உள்ள சரக்குக் கப்பலில் டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற ஓர் அதிகாரிதான் மருந்துப் பொறுப்பு. அவருக்கு மாத்திரையை மாற்றி எழுதும் அதிகாரம் கிடையாது.

அதனால் நடப்பது என்ன? சிலர் ஒன்பது மாதத்துக்கும் மொத்தமாக வாங்கி உடுப்புகளுக்கு நடுவே பரப்பி வைக்கிறார்கள். பிடிபட்டால் விளக்கம் சொல்ல ஒரு காகிதம் இருக்காது. சிலர் மருத்துவச் சோதனையில் தேறாமல் போய்விடுவோமோ என்று பயந்து நோயையே மறைத்து, மாத்திரையும் எடுத்துப்போகாமல் ஏறுகிறார்கள். இன்னும் சிலர் நாலாவது மாதத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் விழுங்கத் தொடங்குகிறார்கள், தீராமல் இழுப்பதற்காக. பின்னிரண்டு வகையும் நடுக்கடலில் பக்கவாதத்தில் முடியக்கூடியவை. அப்போது கப்பலைத் திருப்பும் செலவோடு ஒப்பிட்டால் 540 மாத்திரையின் விலை ஒன்றுமே இல்லை.

வழி இல்லாமல் இல்லை. மூன்று மாதத்துக்கு மருந்து, ஒன்பது மாதத்துக்கு டாக்டர் சீட்டு. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் கப்பல் தொடும் துறைமுகத்தில் உள்ளூர் முகவர் மூலம் மறுநிரப்பல். இது வேலை செய்ய நான்கு விஷயம் ஒன்றுசேர வேண்டும். சீட்டில் பொதுப்பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஊரில் கிடைக்காது. நங்கூரமிட்டு எண்ணெய் நிரப்பி ஒரே நாளில் கிளம்பும் கப்பலுக்குப் படகில் மருந்து வர, முகவருக்குப் பல நாள் முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறினாலும் சரக்கு ஒன்றே என்று மாலுமிக்குப் புரியும் மொழியில் யாராவது சொல்ல வேண்டும். பழையதையும் புதியதையும் சேர்த்து இரட்டிப்பாக விழுங்கியவர்கள் உண்டு. கடைசியாக, இந்தச் செலவு கப்பல் நிறுவனத்துடையதா மாலுமியுடையதா என்பது ஏறும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். நான்கும் முகவர்களாகிய உங்கள் மேசையில் முடியக்கூடிய காரியங்கள்.

எனவே நாங்கள் கேட்பவை இவை.

சீட்டு விற்பவர்களும் குழு நடத்துபவர்களும்: அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, பணம் வாங்கும் நாளிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். தினசரி மருந்து உண்டா? வலி, தூக்கம்-பதற்றம், கவனக்குறைவு நோய் ஆகியவற்றுக்கான மருந்து உண்டா? ஊசியோ குளிரில் வைக்கும் மருந்தோ உண்டா? இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றால், இறங்கும் நாட்டின் பெயரையும் விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் தேதியையும் அந்த ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். பொது மருந்துப் பையை நிறுத்துங்கள்.

மருந்துக்கடைகளும் மருந்தகங்களும்: ‘வெளிநாடு போகிறீர்களா?’ என்று மருந்தாளர் ஒரு முறை கேட்கட்டும். ஆம் என்றால் ஒட்டுச்சீட்டின் இரண்டாம் பிரதி ஒன்று அச்சிட்டுக் கொடுங்கள். ஏழு நாள் டப்பாவின் மூடிக்குள் அது மடித்து வைக்கப்படும். பயணக் கடிதத்துக்கு ஒரே படிவம் வைத்துக்கொள்ளுங்கள், கடவுச்சீட்டு எண்ணுக்கு அதில் ஒரு கட்டம் இருக்கட்டும்.

மாலுமி முகவர்கள்: ஒப்பந்தத்தோடு மறுநிரப்பல் அட்டவணை ஒன்றைச் சேருங்கள், எந்த மாதம், யார் ஏற்பாடு, யார் செலவு என்று. கட்டுப்பாட்டில் வைத்த ரத்த அழுத்தம் உள்ளவரையும் கப்பலேற்றலாம் என்பதை மருத்துவச் சோதனைக்கு முன்பே சொல்லுங்கள். பயந்து மறைப்பது பாதி குறைந்துவிடும்.

அதிகாரிகளிடம் கேட்பது இரண்டு. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இங்கே கப்பலேறும் மாலுமி, ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் தன் தினசரி மருந்தைக் கொண்டுவரலாமா, கூடாதா? கூடுமென்றால் எந்தக் காகிதத்தோடு? ஆம், இல்லை என்ற ஒரே சொல்லில் தொடங்கும் பதிலை எழுத்தில் வெளியிடுங்கள். அடுத்து, சிங்கப்பூருக்குள் மருந்து கொண்டுவருவதற்கான விதியை, முன்அனுமதி வேண்டிய மருந்துகளின் பெயர்ப் பட்டியலோடு, ஒரே பக்கத்தில் தமிழில் தாருங்கள். பொதுப்பெயரோடு ஊரில் வழங்கும் வணிகப் பெயர்களும் அதில் இருக்க வேண்டும். ஊழியர் தங்குவிடுதிகளிலும், சென்னை, திருச்சி, மதுரைக்குச் சீட்டு விற்கும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும், படகு முனையங்களிலும் அது தொங்கட்டும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கான சீட்டு விற்பனை சூடுபிடிக்கும் முன் அந்தப் பக்கம் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
மருந்துக் கவுன்டரிலும் கப்பல் மருந்துப் பெட்டியருகிலும் நிற்கும் சிலர்
சிங்கப்பூர்